சிறுபான்மை மாணவி, பொறியியல் படிப்பு: எந்தக் கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பது?

கேள்வி: கடற்கரை மாணவி

அனைவருக்கும் வணக்கம். நான் இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்தவள். ஆறாம் வகுப்பு முதல் அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, இவ்வாண்டு பன்னிரண்டாம் வகுப்பைக் கணிதம், இயற்பியல், வேதியியல் பாடங்களுடன் நல்ல மதிப்பெண் பெற்று முடித்திருக்கிறேன். மின்னியல் மற்றும் மின்னணுவியல் பொறியியல் படிக்க வேண்டும் என்பது என் விருப்பம். எங்கள் அத்தா (அப்பா) சிறிய மளிகைக் கடை வைத்திருக்கிறார். மாலை நேரத்தில் மின்னழுத்தம் இறங்கிப்போய்க் கடையின் குளிர்சாதனப் பெட்டி நின்றுவிடுவதைப் பார்த்துப் பார்த்துத்தான் இந்தப் படிப்பின் மீது எனக்கு ஆர்வம் வந்தது. பள்ளி ஆய்வகத்து மல்டிமீட்டரைக் கேட்டு வாங்கிவந்து ஒரு வாரம் மாலைதோறும் அளவெடுத்துக் குறித்து வைத்தேன்; 230 இருக்க வேண்டிய இடத்தில் சில நாட்களில் 170 வோல்ட்டுக்கும் கீழே போயிருந்தது.

நாங்கள் லெப்பை சமூகத்தினர். குடும்ப ஆண்டு வருமானம் இரண்டு இலட்சம் ரூபாய்க்குள்தான். என் சந்தேகங்கள் இவை. மத்திய அரசின் சிறுபான்மையினர் உதவித்தொகையில் ஆண்டுக்கு 20,000 ரூபாய் கட்டணமும் விடுதிச் செலவும் கிடைக்கும் என்று உறவினர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். ஆனால் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் அந்தத் திட்டத்தை என்னால் காண முடியவில்லை. அடுத்து, சிறுபான்மைக் கல்லூரி ஒன்றிலிருந்து தொலைபேசியில் அழைத்து, கலந்தாய்வுக்குச் செல்லாமல் நேரடியாகச் சேர்ந்தால் உதவித்தொகையைத் தாங்களே வாங்கித் தருவதாகச் சொல்கிறார்கள். இதை ஏற்கலாமா? மேலும், எங்கள் வீட்டில் பட்டம் பெற்றவர் யாருமில்லை என்றாலும் சித்தப்பா பி.ஏ. முடித்தவர். முதல் பட்டதாரிச் சான்றிதழ் பெறுவதற்கு அது தடையாகுமா? வழி தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1: ஓய்வுபெற்ற அலுவலர்

அன்புள்ள மகளுக்கு, நான் ஒரு கல்லூரியின் உதவித்தொகைப் பிரிவில் பல்லாண்டுகள் பணியாற்றியவன். கேட்டவற்றில் அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். கலந்தாய்வைத் தவிர்த்துவிட்டு எந்தக் கல்லூரியிலும் முன்பணம் கட்டிவிடாதீர்கள்.

காரணம் இதுதான். முதல் பட்டதாரிக்கான கல்விக் கட்டணச் சலுகை, ஒற்றைச் சாளரக் கலந்தாய்வின் வழியாக அரசு ஒதுக்கீட்டு இடத்தில் சேர்பவர்களுக்கு மட்டுமே உரியது. 2010-11 கல்வியாண்டில் தொடங்கப்பட்ட இச்சலுகைக்குச் சாதி, மதம், வருமானம் என எந்த வரம்பும் கிடையாது. ஆனால் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்துவிட்டால் நான்கு ஆண்டுகளுக்கும் அது கைவிட்டுப் போய்விடும், பின்னால் யாரிடம் மனுக் கொடுத்தாலும் திரும்பக் கிடைக்காது. தனியார் பொறியியல் கல்லூரிகளில் சிறுபான்மை அல்லாதவை 65 சதவீத இடங்களையும் சிறுபான்மைக் கல்லூரிகள் 50 சதவீத இடங்களையும் அரசு ஒதுக்கீட்டுக்குத் தருகின்றன. ஆகவே உங்களை அழைத்த அதே கல்லூரியில் சேரத்தான் விருப்பம் என்றாலும், அதைக் கலந்தாய்விலேயே தேர்ந்தெடுக்க வழியிருக்கிறது. தரவரிசையில் உங்கள் இடம் தெரிவதற்கு முன்பே தொலைபேசியில் அவசரப்படுத்துபவர்கள் நிரப்ப நினைப்பது நிர்வாக ஒதுக்கீட்டு இடங்களையே. அவர்கள் வாங்கித் தருவதாகச் சொல்லும் உதவித்தொகையின் பெயரையும், அதை வழங்கும் துறையையும், கடந்த ஆண்டில் அக்கல்லூரியில் எத்தனை பேருக்கு அது வந்தது என்பதையும் எழுத்தில் கேளுங்கள். பதில் வருகிறதா என்பதிலிருந்தே உண்மை விளங்கிவிடும்.

சித்தப்பாவின் பட்டம் உங்களுக்குத் தடையாகாது. தாத்தா பாட்டி, பெற்றோர், உடன்பிறந்தோர் ஆகியோரில் எவரும் பட்டதாரியாக இல்லை என்பதையே அச்சான்றிதழுக்குப் பார்க்கிறார்கள். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் வழியாகச் சென்று வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து வரும். சேர்க்கைக் காலத்தில் நெரிசல் கடுமையாக இருக்கும் என்பதால் கலந்தாய்வுப் பதிவுக்குக் காத்திருக்காமல் இன்றே விண்ணப்பித்துவிடுவது நல்லது.

இனி அந்த வாட்ஸ்அப் செய்தி. அதிலுள்ள தொகைகள் பொய்யல்ல, பழையவை. தொழிற்கல்வி மற்றும் தொழில்நுட்பப் படிப்புகளுக்கான தகுதி மற்றும் வருவாய் அடிப்படையிலான உதவித்தொகையில், குடும்ப வருமானம் இரண்டரை இலட்சத்துக்குள் இருந்தால் கட்டணத்துக்கு ஆண்டுக்கு 20,000 ரூபாய் வரையும், பராமரிப்புக்கு விடுதி மாணவர்களுக்கு 10,000 ரூபாயும், வீட்டிலிருந்து வருபவர்களுக்கு 5,000 ரூபாயும் வழங்கப்பட்டன. இத்திட்டத்துக்கும், பள்ளிப் படிப்புக்கும் மேற்படிப்புக்கும் இருந்த மற்ற இரண்டு சிறுபான்மையினர் திட்டங்களுக்கும் 2021-22 வரைதான் ஒப்புதல் இருந்தது. அதன் பிறகு அவை நீட்டிக்கப்படாமல் நின்றுபோயின. ஆராய்ச்சி மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் தேசிய உதவித்தொகை நிறுத்தப்படுவதாக 2022 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் அறிவித்தார்கள். 2023-இல் சிறுபான்மையினர் நல அமைச்சகம் ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட 1,572 கல்வி நிறுவனங்களில் 830-இல் முறைகேடு இருந்ததாகக் கூறி வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறையிடம் ஒப்படைக்கப்பட்டது. போலி நிறுவனங்கள் செய்த மோசடிக்காக நேர்மையாகப் படிக்கும் ஏழைப் பிள்ளைகள் வாசலில் நிற்க வேண்டியிருப்பது எனக்கு மிகுந்த வேதனையைத் தருகிறது. இணையதளத்தில் அத்திட்டங்கள் மீண்டும் திறக்கப்பட்டால் கட்டாயம் விண்ணப்பியுங்கள். ஆனால் அதை நம்பிக் கல்லூரிக் கட்டணத்தைத் திட்டமிட வேண்டாம்.

சிறுபான்மை என்ற பெயர் தாங்கிய கதவு மூடியிருக்கிறது என்பதற்காக உங்களுக்குரிய மற்றக் கதவுகளும் மூடிவிடவில்லை. நீங்கள் சிறுபான்மை மாணவி என்பதோடு, தமிழ்நாட்டின் பட்டியலில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம், முதல் பட்டதாரி, அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர், தொழில்நுட்பக் கல்விக்குச் செல்லும் பெண் என்ற தகுதிகளும் உங்களுக்கு இருக்கின்றன. ஒவ்வொரு தகுதிக்கும் ஒரு திட்டம் உண்டு. பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 2007 முதல் 3.5 சதவீத தனி ஒதுக்கீடு இருப்பது கலந்தாய்வில் பயன்படும். வருமானம் இரண்டரை இலட்சத்துக்குள் இருப்பதால் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நலத் துறையின் உதவித்தொகைக்கும் கல்லூரி வழியாக விண்ணப்பிக்கலாம். உங்கள் சான்றிதழில் வெறுமனே முஸ்லிம் என்று இல்லாமல் லெப்பை என்ற உட்பிரிவு தெளிவாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பட்டியலில் இருப்பவை அன்சார், தக்கினி, துதேகுலா, லெப்பை, மாப்பிள்ளா, ஷேக், சையத் ஆகிய ஏழு பிரிவுகளே. இராவுத்தரும் மரக்காயரும் லெப்பைக்குள் அடங்குவர்.

புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் அரசுப் பள்ளி மாணவியருக்காகத் தொடங்கி, பின்னர் அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் விரிவாக்கப்பட்டது. மாதம் 1,000 ரூபாய் உங்கள் கணக்கில் வரும். வேறு உதவித்தொகை பெறுவது இதற்குத் தடையில்லை. ஆனால் பொறியியலில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மட்டுமே உரியது, உதவிபெறும் பள்ளிகளுக்குப் பொருந்தாது. இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள் என்பதால் சொல்கிறேன்.

பதில் 2: இ-சேவை நடத்துநர்

ஐயா சொன்னவை அனைத்தும் சரி. திட்டத்துக்குத் தகுதி இருந்தும் பணம் வராமல் போவதற்கு, நான் அன்றாடம் பார்க்கும் பெரிய காரணம் பெயர் வேறுபாடு. அதிலும் நம் முஸ்லிம் பிள்ளைகளுக்கு இந்தத் தொல்லை மிகுதி. முகம்மது என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் ஓர் 'எம்' போட்டும் இரண்டு 'எம்' போட்டும், 'ஓ' என்றும் 'யு' என்றும், சில நேரம் நான்கு எழுத்தாகச் சுருக்கியும் எழுதிவிடுகிறார்கள். ஆதாரில் ஒன்று, மதிப்பெண் பட்டியலில் ஒன்று, வங்கிப் புத்தகத்தில் இன்னொன்று என்று இருக்கும். பெண் பிள்ளைகளுக்கு, பாத்திமா என்பது ஓர் ஆவணத்தில் தனிச் சொல்லாகவும் மற்றொன்றில் முன்பெயரோடு ஒட்டியும் இருக்கும். தலைப்பெழுத்து ஆதாரில் பின்னால் நிற்கும், பள்ளிச் சான்றிதழில் முன்னால் நிற்கும்.

தேசிய உதவித்தொகை இணையதளத்தில் இப்போது ஒருமுறைப் பதிவு என்ற முறை இருக்கிறது. ஆதார் எண்ணைக் கொண்டு, முக அடையாளச் சரிபார்ப்புடன் பதிவு எண் பெற வேண்டும். பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் உள்ளபடியே வந்து விழும். ஆகவே மதிப்பெண் பட்டியலை வைத்து ஆதாரைத் திருத்திக்கொள்ளுங்கள். மதிப்பெண் பட்டியலைத் திருத்துவது நீண்ட வேலை. விண்ணப்பம் திறந்த பிறகு ஆதார் திருத்தத்துக்கு ஓடினால் கடைசித் தேதிக்குள் முடியாமல் போகலாம்.

வங்கிக் கணக்கிலும் கவனம் தேவை. கணக்கில் ஆதார் எண்ணைக் கொடுத்திருப்பது வேறு, அரசின் நேரடிப் பணப் பரிமாற்றத்துக்கு அக்கணக்கு ஆதாருடன் இணைக்கப்பட்டிருப்பது வேறு. உங்கள் பெயரில் இரண்டு கணக்குகள் இருந்தால், எது கடைசியாக இணைக்கப்பட்டதோ அதற்குத்தான் பணம் போகும். கிளைக்குச் சென்று, இணைப்பு நடப்பில் இருக்கிறதா என்று கேட்டு உறுதி செய்யுங்கள். பள்ளிக் காலத்தில் தொடங்கிப் பல மாதங்களாகப் பயன்படுத்தாத கணக்கு முடங்கியிருக்கவும் கூடும்.

வருமானச் சான்றிதழ் ஓராண்டுக்குத்தான் செல்லும். கடை வைத்திருப்பவர்களின் வருமானத்தை ஒவ்வோர் ஆண்டும் வெவ்வேறாக எழுதிவிட்டால் புதுப்பிக்கும்போது கேள்வி வரும் என்பதை அத்தாவிடம் சொல்லி வையுங்கள். மற்றொன்று: விண்ணப்பம் குறைபாடுடையது என்று திருப்பப்பட்டால் அதைத் திருத்தி மீண்டும் அனுப்பலாம், நிராகரிக்கப்பட்டால் அவ்வாண்டு ஒன்றும் செய்ய முடியாது. எனவே அனுப்பிய பின் வாரம் ஒருமுறையாவது உள்ளே சென்று நிலையைப் பாருங்கள். குறுஞ்செய்தி வரும் என்று காத்திருக்க வேண்டாம்.

பதில் 3: மின்துறைப் பொறியாளர்

தங்கைக்கு வணக்கம். நானும் இதே துறையில் படித்துப் பணிபுரிபவள். தொழில்நுட்பம் படிக்கும் பெண்களுக்கு ஏஐசிடிஇ (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) வழங்கும் பிரகதி உதவித்தொகையை இன்னும் யாரும் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். குடும்ப ஆண்டு வருமானம் எட்டு இலட்சத்துக்குள் இருக்க வேண்டும், ஏஐசிடிஇ அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் முதலாண்டில் சேர்ந்திருக்க வேண்டும். ஒரு குடும்பத்தில் இரண்டு பெண்கள் வரை பெறலாம். ஆண்டுக்கு 50,000 ரூபாய், நான்கு ஆண்டுகளுக்கு. பட்டப்படிப்புக்கு ஆண்டுதோறும் நாடு முழுவதும் 5,000 பேரைப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் அடிப்படையில் தேர்ந்தெடுக்கிறார்கள். முதலாண்டில் விண்ணப்பிக்கத் தவறினால் இரண்டாம் ஆண்டில் புதிதாக நுழைய முடியாது. பட்டயப்படிப்பு முடித்து நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்பவர்களுக்கு மட்டும் இதிலிருந்து விலக்கு உண்டு. கல்லூரி தொடங்கிய பரபரப்பில் மாணவியர் பலர் இதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

தனியார் அறக்கட்டளைகளையும் ஒதுக்கிவிட வேண்டாம். ரிலையன்ஸ் அறக்கட்டளை இளநிலை மாணவர்கள் 5,000 பேருக்குப் படிப்புக் காலம் முழுவதற்குமாக இரண்டு இலட்சம் ரூபாய் வரை வழங்குகிறது. வருமான வரம்பு 15 இலட்சம் என்றாலும் இரண்டரை இலட்சத்துக்குள் இருப்பவர்களுக்கு முன்னுரிமை உண்டு, இணையவழித் திறனறித் தேர்வும் உண்டு. அறிவியல் படிக்கும் இளம்பெண்களுக்கு லோரியல் நிறுவனம் வழங்கும் உதவித்தொகைக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் 85 சதவீதமும், ஆறு இலட்சத்துக்குள் வருமானமும் கேட்கிறார்கள். இரண்டரை இலட்சம் ரூபாய் வரை கிடைக்கும், நேர்காணல் நடக்கும். இவற்றில் மதமும் சாதியும் கணக்கில் வருவதில்லை.

இத்தகைய விண்ணப்பங்களில் உங்களைப் பற்றி எழுதச் சொல்வார்கள். நம் பிள்ளைகளில் பலர் அந்த இடத்தில் வறுமையை மட்டுமே விரித்து எழுதிவிடுகிறார்கள். வறுமையை வருமானச் சான்றிதழே சொல்லிவிடுகிறது. அதற்கு மேல் நீங்கள் யார் என்பதைத்தான் அவர்கள் அறிய விரும்புகிறார்கள். நீங்கள் இங்கே எழுதிய குளிர்சாதனப் பெட்டியையே எழுதுங்கள். அளவெடுத்த நேரங்களையும் எண்களையும் ஒரு சிறு அட்டவணையாக்குங்கள். எந்த நேரத்தில் மிகவும் இறங்கியது, மின்மாற்றியிலிருந்து உங்கள் தெரு எவ்வளவு தொலைவில் இருக்கிறது, எல்லா வீடுகளிலும் மின்விளக்கும் மோட்டாரும் ஒரே நேரத்தில் இயங்கும்போது கடைக்கோடி இணைப்பில் மின்னழுத்தம் ஏன் விழுகிறது என்று உங்களுக்குப் புரிந்த அளவில் நான்கைந்து வரிகளில் விளக்குங்கள். யாரும் சொல்லாமலே ஒரு பிரச்சினையை அளந்து பார்த்த மாணவி என்பது அதில் தெரியும். நேர்காணலிலும் அதைப் பற்றித்தான் கேட்பார்கள், உங்களாலும் தயக்கமில்லாமல் பேச முடியும். தமிழில் எழுதி முடித்துவிட்டு ஆங்கிலத்துக்குக் கொண்டுசெல்ல உங்கள் ஆங்கில ஆசிரியரின் உதவியை நாடுங்கள். இணையத்தில் கிடைக்கும் ஆயத்த வாசகங்களை ஒட்டினால், ஆயிரம் பேர் எழுதியதே உங்கள் விண்ணப்பத்திலும் இருக்கும்.

பதில் 4: இயற்பியல் மாணவன்

இதே கேள்வியோடு வரும் கிறித்தவ மாணவர்களுக்காக ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். ஆதிதிராவிடர் சமூகத்திலிருந்து கிறித்தவத்துக்கு மாறிய குடும்பத்தினருக்குச் சாதிச் சான்றிதழ் பிற்படுத்தப்பட்டோர் என்றே வரும். ஆனால் உதவித்தொகைக்குத் தமிழ்நாடு அரசு அவர்களை ஆதிதிராவிடர், பழங்குடியினருடன் சேர்த்தே கொள்கிறது. இது தெரியாமல் பிற்படுத்தப்பட்டோர் துறையில் மட்டும் விண்ணப்பித்துக் குறைந்த தொகையோடு நின்றுவிடுபவர்களை நான் பார்த்திருக்கிறேன். மதம் மாறிய ஆதிதிராவிடர் என்று சான்றிதழில் குறிப்பிடப்பட்டிருந்தால் ஆதிதிராவிடர் நலத் துறையின் மேற்படிப்பு உதவித்தொகையைக் கேளுங்கள்.

பொறியியலை விட்டு இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் போன்ற அடிப்படை அறிவியலுக்கு வருபவர்களுக்கு மத்திய அரசின் இன்ஸ்பயர் உதவித்தொகை இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பில் தம் வாரியத்தின் முதல் ஒரு சதவீதத்துக்குள் வந்தவர்கள் ஆண்டுக்கு 80,000 ரூபாய் பெறலாம். அதில் 60,000 மாணவரின் கைக்கு, 20,000 கோடைக்கால ஆய்வுப் பணிக்கு. இதில் வருமான வரம்பு இல்லை. கடற்கரை மாணவியின் மதிப்பெண் அந்த அளவுக்கு உயர்ந்தது என்றால், இந்த வழியும் இருக்கிறது என்பதை அறிந்துகொண்டு முடிவெடுக்கலாம்.

கடற்கரை மாணவி

அனைவருக்கும் நன்றி. அந்தக் கல்லூரிக்கு முன்பணம் கட்டுவதில்லை என்று அத்தாவும் ஒப்புக்கொண்டுவிட்டார். என் ஆதாரில் தலைப்பெழுத்தே இல்லை. நாளை திருத்தப் போகிறேன். ஒரே ஒரு சந்தேகம் மிச்சமிருக்கிறது. முதல் பட்டதாரிச் சலுகை, புதுமைப் பெண், பிரகதி ஆகிய மூன்றையும் சேர்த்துப் பெறலாமா? தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் இடம் கிடைத்தால் இவற்றில் எது பொருந்தும்?

ஓய்வுபெற்ற அலுவலர்

முதல் பட்டதாரிச் சலுகையும் புதுமைப் பெண்ணும் சேர்ந்தே வரும். பிரகதியின் விதியில், மத்திய, மாநில அரசுகளிடமிருந்தோ ஏஐசிடிஇ-யிடமிருந்தோ வேறு உதவித்தொகை பெறுபவர் தகுதியுடையவர் அல்லர் என்று இருக்கிறது. கட்டணச் சலுகை உதவித்தொகையாகக் கொள்ளப்படுமா என்பதைச் சரிபார்ப்பவர் உங்கள் கல்லூரியின் பொறுப்பு அலுவலர்தான் என்பதால், சேர்ந்த முதல் வாரத்திலேயே அவரிடம் எழுத்து மூலமாகக் கேட்டுப் பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எதையும் மறைத்து விண்ணப்பிக்க வேண்டாம். பின்னால் தெரியவந்தால் பெற்ற தொகையைத் திருப்பிக் கட்ட நேரும். ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால், உங்கள் கல்லூரியின் கல்விக் கட்டணத்தில் எவ்வளவு கழிகிறது என்பதை 50,000 ரூபாயோடு ஒப்பிட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள். மத்தியத் துறை உதவித்தொகை என்று இன்னொன்று உண்டு, முதல் மூன்று ஆண்டுகளில் ஆண்டுக்கு 12,000 ரூபாய். அது கட்டணச் சலுகையோடு சேராது என்று விதியே சொல்வதால் உங்களுக்கு அதனால் இலாபமில்லை.

தேசியத் தொழில்நுட்பக் கழகம் என்றால் கணக்கே மாறிவிடும். அங்கே தமிழ்நாட்டின் சான்றிதழ் போதாது. மத்திய அரசின் இதர பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்கான, வளமான பிரிவினர் (கிரீமி லேயர்) அல்லர் என்ற சான்றிதழைத் தனியாகப் பெற வேண்டும். லெப்பை அப்பட்டியலில் இருக்கிறது. இந்தியத் தொழில்நுட்பக் கழகம், தேசியத் தொழில்நுட்பக் கழகம், மத்தியப் பல்கலைக்கழகம் போன்றவற்றில் படிக்கும் பிற்படுத்தப்பட்ட மாணவர்களுக்கு, குடும்ப வருமானம் இரண்டரை இலட்சத்துக்குள் இருந்தால் ஆண்டுக்கு இரண்டு இலட்சம் ரூபாய் வரை தமிழ்நாடு அரசு வழங்குகிறது. பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களும் இதில் அடங்குவர்.

எந்தக் கல்லூரியானாலும், உதவித்தொகை வரும்வரை முதல் பருவக் கட்டணத்துக்குப் பணம் தேவைப்படும். கந்துவட்டிக்கு வாங்காமல், டாம்கோ எனப்படும் தமிழ்நாடு சிறுபான்மையினர் பொருளாதார மேம்பாட்டுக் கழகத்தின் கல்விக் கடனைக் கேளுங்கள். சிறுபான்மையினருக்காகவே இருப்பது, குறைந்த வருமானப் பிரிவினருக்கு வட்டி 3 சதவீதம். இராமநாதபுரம் மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நல அலுவலரிடம் விண்ணப்பம் கிடைக்கும். கல்லூரியின் கட்டண விவரச் சான்று, சேர்க்கை ஆணை, வருமானச் சான்றிதழ் ஆகியவற்றின் நகல்களோடு அத்தாவையும் அழைத்துச் செல்லுங்கள். ஈட்டுக்கு அவருடைய கையொப்பம் தேவைப்படும்.